வால்வரை

ஜெலுத்தோங்கில்
டயர் கடைக்கும் மூடிக்கிடக்கும் தையல்கடைக்கும் இடையில்
ஒரு நீச்சல்குளம் என்றால் யார் நம்புவார்கள்.
இரண்டு கார் நிறுத்தும் அகலம்.
பிள்ளையைக் குளிப்பாட்டும் பதத்தில் சூடு.
நீந்த வருகிறவர்கள் எல்லாருக்கும் நான்கு கால்,
எங்கள் கிச்சாப்புக்கு மட்டும்
கணக்கு இரண்டரை.

இவன் என் நாய் இல்லை.
யாருடைய நாயும் இல்லை.
பாயான் லெப்பாஸில் மூன்றாம் கேட் பஸ் நிறுத்தத்தில்
எங்கள் நாசி லெமாக் பொட்டலங்களின்
நெத்திலித் தலை தின்று வளர்ந்தவன்.
கறுப்பு. அதனால் கிச்சாப்.
எங்களை ஏற்றிவரும் ஃபேக்டரி பஸ்ஸே
பின்வாங்கும்போது ஏறியது அவன் இடுப்பில்.
டிரைவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.
லைன் ஏழில் மைலோ டின் சுற்றி வந்தது:
யோகேஸ்வரி ஐம்பது வெள்ளி,
நேபாளத்துப் பெண்கள் சேர்ந்து எண்பது,
பெயர் எழுத வேண்டாம் என்று சூப்பர்வைசர் நூறு.
பத்து நீச்சலுக்குச் சீட்டு.

நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வருகிறேன்,
கண்ணில் இன்னும் சோல்டர் புகை,
கிராப் காரின் பின்சீட்டில் சாரோங் விரித்து,
அதன்மேல் அவன்.

முதல் நாள் சியூ ஃபெங்
அவனுக்கு ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டினாள்,
முதுகில் கைப்பிடி, மார்க்கெட் பை மாதிரி.
நீங்களும் இறங்குங்கள், என்றாள்,
அவன் உங்களைத்தான் பார்க்கிறான்.
பினாங்குத் தீவில் பிறந்தவள் நான்.
நாற்பத்திரண்டு வருஷம் நாலு பக்கமும் கடல்,
முழங்காலுக்கு மேல் ஒருநாளும் நனைந்ததில்லை.
டிராக் பாட்டத்தோடு இறங்கினேன்.
பன்னிரண்டு மணி நேரம் நின்ற குதிகால்
தரையை விட்டு
லேசாக லீவு எடுத்தது.

அவன் முன்கால் இரண்டும்
கடன்காரனைக் கண்டவன்போல் அடித்துப் பாய,
பின்பாதி
யாரோ மறந்துவிட்டுப்போன துணிமூட்டையாய்
பின்னால் வந்தது.
சியூ ஃபெங் அந்தக் கால்களைப் பிடித்து
சைக்கிள் மிதிக்க வைத்தாள்.
பொய்யாக மிதிக்க வைத்தால் போதும்,
முதுகெலும்புக்குள் ஏதோ ஒன்று
அதை மெய்யென்று எழுதிக்கொள்ளுமாம்.
எனக்கு விளங்கவில்லை.
தலையாட்டினேன்.

ஐந்தாம் வாரம் குளத்திலேயே பேண்டுவைத்தான்.
டயர் கடை ரம்லி பாக் சிக்
நாயிலிருந்து நாலடி தள்ளித்தான் நிற்பார்.
ஆனாலும் வாராவாரம் கேட்பார்,
காக்கி டியா மாச்சாம் மானா?
அப்படியேதான் பாக் சிக், கால் அப்படியேதான்.
ஒருநாள் எதுவும் கேட்காமல்
தேய்ந்த டயர் ஒன்றை உருட்டிவந்து
நாலடி தூரத்தில் விட்டார்,
உள்ளே சுருண்டு படுக்கட்டும் என்று.

ஏழாம் வாரம்,
திரும்பும் மூலையில்,
என் வயிற்றில் ஓர் உதை.
சியூ ஃபெங்கைப் பார்த்தேன்.
அவள் கை இரண்டும் தண்ணீருக்கு வெளியே இருந்தன.
இடது பின்கால்.
மறுபடி ஒன்று.
பிறகு ஒன்றுமில்லை.
அன்றிரவு கழிப்பறையில் சட்டையைத் தூக்கி
லைன் ஏழுக்கே காட்டினேன்,
நாவல்பழ நிறத்தில் ஒரு நகத்தடம்.

தரையில் இன்னும் இழுத்துத்தான் வருகிறான்.
தண்ணீரில் தெரிந்த பாடம்
மொசைக்கில் மறந்துபோகிறது.
பத்தாவது சீட்டும் கிழித்தாயிற்று.
டின் மறுபடி சுற்ற வேண்டும்,
இது போனஸ் மாதமும் இல்லை.

இன்று மேலே தூக்கிவிட்டதும்
நான் துண்டை விரிப்பதற்குள்
உடம்பை உதறினான்.
எப்போதும் காதில் தொடங்கி
தோளைக் குலுக்கி
இடுப்போடு நின்றுவிடும் அந்தச் சிலிர்ப்பு,
பாலம் உடைந்த இடத்தில் வண்டி நிற்பதுபோல.
இன்று நிற்கவில்லை.
இடுப்பைத் தாண்டி
தொடை இரண்டும் நடுங்கி
வால் நுனிவரை போய்
என் மூக்குக்கண்ணாடியெல்லாம் தெறித்தது.

உதறிய வேகத்தில்
பொத்தென்று விழுந்தான்.
விழுந்தவன்,
இதில் என்ன சிரிப்பு என்பதுபோல்
எங்கள் இருவரையும்
மாறி மாறிப் பார்த்தான்.